படத்தைக் கையில் வைத்திருப்பவனுக்கான பாடம்

2024 ஜூன் மாதம், ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் நகருக்கு மேற்கே உள்ள பாக்கஸ் மார்ஷ் என்ற ஊரில், ஒரு தனியார் பள்ளியின் மாணவிகள் சுமார் 50 பேரின் ஆபாசப் படங்கள் இணையத்தில் பரவின. அவற்றில் ஒன்றுகூட உண்மையான படம் அல்ல. அந்தப் பெண்கள் சமூக ஊடகங்களில் போட்டிருந்த சாதாரணப் படங்களிலிருந்து முகங்களை எடுத்து, செயற்கை நுண்ணறிவின் துணையோடு நிர்வாண உடல்களில் பொருத்தியிருந்தார்கள். பாதிக்கப்பட்டவர்கள் 9 முதல் 12ஆம் வகுப்பு வரை படித்தவர்கள். பதின்ம வயதுப் பையன் ஒருவனைக் காவல் துறை கைதுசெய்து, விசாரணை தொடரும் என்று சொல்லி விடுவித்தது.

இந்தப் பெண்கள் யாருக்கும் எதையும் அனுப்பவில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால், கைபேசியில் கேமரா வந்த நாளிலிருந்து உலகம் முழுவதும் பெண் பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்டுவந்த முக்கியமான பாதுகாப்புப் பாடம், “அந்த மாதிரிப் படம் எடுக்காதே, எடுத்தாலும் யாருக்கும் அனுப்பாதே” என்பதுதான். அதை எழுத்துப் பிசகாமல் பின்பற்றிய பிள்ளைக்கும் இது நடந்தது. பாடம் யாருக்குத் தேவைப்பட்டதோ அவனிடம் அது போய்ச் சேரவே இல்லை. செயலியில் படத்தை ஏற்றிப் போலி செய்பவனும், வந்ததைப் பார்த்துவிட்டு நண்பனுக்குத் தள்ளிவிடுபவனும் பாடம் கேட்கும் வயதில்தான் இருக்கிறார்கள். அந்த அறிவுரை தங்களுக்கானது என்று அவர்களிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

இரண்டே மாதத்தில், அந்த ஆகஸ்டில், ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் சம்மதமில்லாமல் வயதுவந்தோரின் இத்தகைய போலிப் படங்களைப் பகிர்வோருக்கு 6 ஆண்டு வரை சிறை விதிக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. வேகமான, தேவையான நடவடிக்கை. ஆனால், சட்டம் பேசத் தொடங்குவது படம் பரவிய பிறகு. படத்தை அனுப்பலாமா என்று ஒரு பையன் விரலை நிறுத்தி யோசிக்கும் அந்த நொடியில் அவனுக்குள் பேச வேண்டியது வேறொன்று. அதை எப்படிக் கற்பிப்பது என்ற கேள்வியோடு கடந்த இருபது ஆண்டுகளாகப் போராடிவரும் நாடு ஆஸ்திரேலியா. அங்கே சட்டம் போட்டுப் பார்த்தார்கள், பாடம் வைத்துப் பார்த்தார்கள், அவமானப்பட்டும் பார்த்தார்கள். இப்போது தடையும் போட்டிருக்கிறார்கள். அந்த அனுபவத்திலிருந்து மற்றவர்கள் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது.

தொடக்கம் ஒரு கொலையில் இருக்கிறது. தெற்கு ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த கார்லி ரையன் என்ற 15 வயதுச் சிறுமி 2007 பிப்ரவரியில் கொல்லப்பட்டாள். சுமார் ஒன்றரை ஆண்டுகளாக அவள் இணையத்தில் பேசிவந்த ‘பிராண்டன் கேன்’ என்ற 20 வயது இசைக் கலைஞன் உலகத்திலேயே இல்லாத ஆள். அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்தவன் 50 வயதைத் தொட்ட ஒருவன். பிராண்டனின் தந்தை என்று சொல்லிக்கொண்டு அவனே கார்லியின் பிறந்தநாளுக்கு நேரில் வந்தான், அவள் தாய் சோன்யாவையும் சந்தித்தான். இணையத்தில் ஏராளமான போலி முகங்களோடு அவன் உலவிவந்தது பின்னர் விசாரணையில் தெரிந்தது. 2010இல் கார்லியின் கொலைக்காக அவனுக்கு ஆயுள் தண்டனை. பரோல் கேட்கவே 29 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

“முன்பின் தெரியாதவர்களோடு பேசாதே” என்ற பழைய எச்சரிக்கை இங்கே எந்த இடத்தில் உதவியிருக்கும்? பல மாதம் பேசியவன் குழந்தையின் கணக்கில் அந்நியன் அல்ல. அவன் ‘அப்பா’ வீட்டுக்கே வந்துவிட்டபோது தாயின் கணக்கிலும் அந்நியன் அல்ல. குழந்தைகளை வேட்டையாடுபவர்கள் முதலில் செய்யும் வேலையே அந்நியர் என்ற பட்டத்தைக் கழற்றிவைப்பதுதான். விளையாட்டில் தோழனாகச் சேர்வது, பாராட்டுவது, பரிசு அனுப்புவது, எல்லோரும் பேசும் இடத்திலிருந்து தனி அரட்டைக்கு அழைப்பது, “இது நமக்குள்ளேயே இருக்கட்டும்” என்று ஒரு சின்ன ரகசியத்தைப் பழக்குவது. வரிசை பல வழக்குகளிலும் இதுதான். ஆகவே குழந்தைக்குச் சொல்லித்தர வேண்டியது ஆளின் அடையாளத்தைவிட அவன் நடந்துகொள்ளும் விதத்தை: ரகசியம் காக்கச் சொல்பவர், “வேண்டாம்” என்றதும் கெஞ்சவோ கோபிக்கவோ செய்பவர், வேறு செயலிக்கு வரச் சொல்பவர் யாராக இருந்தாலும் ஒரு பெரியவரிடம் சொல்ல வேண்டும். ‘யாராக இருந்தாலும்’ என்பதில் மாமாவும் ஆசிரியரும் அடக்கம்.

சோன்யா ரையன் மகள் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கி, பள்ளி பள்ளியாகப் போய்ப் பேசினார். சிறுவர்க்குத் தீங்கு செய்ய இணையத்தின் வழியே திட்டமிடுவதையே, வயதைப் பொய்யாகச் சொல்லிப் பழகுவது உட்பட, குற்றமாக்கும் கூட்டாட்சிச் சட்டம் 2017இல் வந்தது. மக்கள் அதைக் கார்லி சட்டம் என்றே அழைக்கிறார்கள். தாய் ஒருத்தியின் பத்தாண்டு உழைப்பு அது.

வெளியிலிருந்து வரும் வேட்டைக்காரனைப் பற்றிய விழிப்பு இப்படி வளர்ந்தது. பக்கத்து பெஞ்சில் இருப்பவனைப் பற்றிப் பேச்சு வர 2021 ஆக வேண்டியிருந்தது. அந்த ஆண்டு பிப்ரவரியில், சிட்னியில் பள்ளி முடித்து லண்டனில் மேற்படிப்பில் இருந்த சானல் கான்டோஸ் என்ற இளம்பெண் இன்ஸ்டாகிராமில் தன் ஊர்த் தோழிகளிடம் ஒரு கேள்வி கேட்டார்: சிட்னியின் ஆண்கள் பள்ளிகளில் படித்த ஒருவரால் உங்களுக்கோ உங்களுக்கு நெருக்கமானவருக்கோ பாலியல் வன்முறை நேர்ந்திருக்கிறதா? ஒரே நாளில் 200க்கு மேற்பட்டோர் ஆம் என்றார்கள். சம்மதம் பற்றிப் பள்ளியில் சிறு வயதிலேயே கற்பிக்க வேண்டும் என்று அவர் தொடங்கிய மனுவில் 44,000 பேருக்கு மேல் கையெழுத்திட்டார்கள். தங்களுக்கு நடந்ததை எழுதியவர்கள் பல்லாயிரம். அந்தச் சாட்சியங்களைப் படித்தவர்களை உலுக்கிய விஷயம், செய்தவர்களில் பலருக்குத் தாங்கள் செய்தது என்ன என்றே தெரிந்திருக்கவில்லை என்பது. கான்டோஸுக்கும் பள்ளியில் அந்தப் பாடம் வந்தது 10ஆம் வகுப்பில். அவருடைய தோழிகள் பலருக்கு அதற்குள் எல்லாம் நடந்து முடிந்திருந்தது.

அரசு அவசரமாகப் பதில் சொல்லப் பார்த்தது. 2021 ஏப்ரலில் கல்வித் துறை வெளியிட்ட காணொளிகளில் ஒன்றில், ஒரு பெண் தன் காதலன் முகத்தில் மில்க்‌ஷேக்கைப் பூசுகிறாள். அவன் அதை விரும்பவில்லை. இதுதான் எல்லை மீறல் என்று விளக்கம் வருகிறது. பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கான பாடம் இது! உடல் என்ற சொல்லை உச்சரிக்கக் கூச்சப்பட்ட பெரியவர்கள் பாலைக் கலக்கிக் கொடுத்தார்கள். நாடே கொதித்தது. பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களை இது அவமதிக்கிறது என்று கண்டனங்கள் குவிந்தன. சில நாட்களிலேயே காணொளியைத் திரும்பப் பெற்றார்கள். எந்த மொழியில் பாடம் எழுதப்போகிறவர்களும் இந்த நிகழ்வை மறக்கக் கூடாது. சுற்றி வளைத்தால் பிள்ளைகளுக்கு விளங்காது என்பது ஒரு பக்கம். இந்தப் பெரியவரிடம் போய் உண்மையைச் சொல்ல முடியாது என்று அவர்கள் முடிவு கட்டிவிடுவார்கள் என்பதுதான் பெரிய சேதம்.

2022 பிப்ரவரியில் எல்லா மாநிலக் கல்வி அமைச்சர்களும் ஒருமனதாக ஒப்புக்கொள்ள, மழலையர் வகுப்பு முதல் 10ஆம் வகுப்பு வரை சம்மதம் பற்றிய கல்வி தேசியப் பாடத்திட்டத்தில் கட்டாயமாயிற்று. ஐந்து வயதுக் குழந்தைக்கு என்ன சொல்லித்தருவார்கள் என்று பதறுபவர்கள் அந்தப் பகுதியைப் பார்த்தால் ஆச்சரியப்படுவார்கள். பொருளைப் பகிரும்போதும், இன்னொருவரை நெருங்கும்போதும் அனுமதி கேட்பது, தருவது, மரியாதையாக மறுப்பது. அவ்வளவுதான். உன் பென்சிலை எடுத்துக்கொள்ளட்டுமா? உன் பக்கத்தில் உட்காரட்டுமா? கட்டிப்பிடிக்கலாமா? வயது ஏற ஏற அதே கேள்வி படத்துக்கும் கடவுச்சொல்லுக்கும் காதலுக்கும் போகிறது. அடித்தளத்தில் பாலியல் எதுவும் இல்லை. அடுத்தவருக்கு ஒரு விருப்பம் உண்டு, அதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும் என்ற பழக்கம் மட்டுமே இருக்கிறது.

இந்த இடத்தில் தமிழ் வீடுகளை நினைக்காமல் இருக்க முடியாது. “மாமாவுக்கு ஒரு முத்தம் குடு” என்று நாம் இழுத்துவிடும் குழந்தை, அம்மாவின் கால்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டால் அது வெட்கம் என்று சிரிக்கிறோம். மொட்டையடித்துக் காது குத்தும்போது அழுத முகம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அன்றே வந்துவிடுகிறது. இவற்றையெல்லாம் விட யோசிக்க வைப்பது மஞ்சள் நீராட்டு விழா. பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பெண்ணின் உடலில் நிகழ்ந்த மாற்றத்தை, அவள் படத்தோடு தெருமுனை ஃபிளெக்ஸில் அச்சிட்டு ஊருக்கு அறிவிக்கிறோம், ஸ்டேட்டஸில் வைக்கிறோம். ரொறொன்ரோவிலும் சிட்னியிலும் லண்டனிலும் வாழும் தமிழர்கள் அதைக் காணொளியாக எடுத்து யூடியூபில் ஏற்றுகிறார்கள். தாய்மாமன் சீரும் உறவினர் கூட்டமும் அன்பினால் வருவது, அதில் ஐயமில்லை. விழாவே வேண்டாம் என்பது இங்கே வாதமும் அல்ல. ஆனால் அந்தப் படத்தைப் போடலாமா என்று அவளிடம் கேட்டவர்கள் எத்தனை பேர்? அவளுடைய படம் அவளைக் கேட்காமல் பரவலாம் என்பதை அவளும், அவளுடைய தம்பியும், அந்த விழாவில்தான் முதல்முதலாகக் கற்றுக்கொள்கிறார்கள்.

பிரான்ஸ் 2024 பிப்ரவரியில் இதைச் சட்டமாகவே எழுதியது. குழந்தையின் படத்தின் மீதான உரிமை குழந்தையுடையது, அதைக் காப்பது பெற்றோரின் பொறுப்பு. பெற்றோருக்குள் கருத்து வேறுபாடு வந்தால், மற்றவரின் சம்மதமின்றிக் குழந்தையின் படங்களை வெளியிடக் கூடாது என்று ஒருவருக்கு நீதிபதி தடை விதிக்கலாம். சட்டம் இல்லாமலேயே வீட்டில் செய்யக்கூடியது எளிது. ஸ்டேட்டஸ் போடுமுன் “இதைப் போடட்டுமா?” என்று ஆறு வயதுக் குழந்தையிடம் கேட்பது, அது வேண்டாம் என்றால் போடாமல் இருப்பது. தன் ‘வேண்டாம்’ ஒருமுறையேனும் மதிக்கப்பட்டதைக் கண்ட பிள்ளைதான் பிறகு ஒரு காதலனிடமோ விளையாட்டுத் தோழனிடமோ அதே சொல்லை நம்பிக்கையோடு சொல்லும். இன்னொருவர் அதைச் சொன்னால் நிற்கவும் செய்யும்.

எச்சரிக்கைகள் பெண் பிள்ளைகளின் பக்கமே போய்க் குவிந்ததால் நேர்ந்த இன்னொரு கேடு, ஆண் பிள்ளைகள் காப்பின்றி விடப்பட்டது. கடந்த சில ஆண்டுகளில் மிரட்டிப் பணம் பறிக்கும் ஒரு தொழில் பெருகியிருக்கிறது. அழகான பெண்ணின் போலிக் கணக்கு ஒன்று பதினைந்து, பதினாறு வயதுப் பையனோடு பேசுகிறது, படம் அனுப்புகிறது, பதிலுக்குக் கேட்கிறது. அனுப்பிய அடுத்த நிமிடம் தொனி மாறுகிறது. பணம் கொடு, இல்லையென்றால் உன் நண்பர் பட்டியலில் உள்ள எல்லோருக்கும் இது போகும். 2021 அக்டோபர் முதல் 2023 மார்ச் வரை இத்தகைய 13,000க்கும் மேற்பட்ட புகார்கள் அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ.க்கும் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் புலனாய்வுப் பிரிவுக்கும் வந்தன. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பையன்கள். குறைந்தது 20 பிள்ளைகள் உயிரை விட்டார்கள். மிச்சிகன் மாநிலத்தில் 2022 மார்ச்சில் இறந்த 17 வயதுப் பையனுக்கு முதல் செய்தி வந்ததற்கும் அவன் சாவுக்கும் இடையே ஆறு மணி நேரம்கூட இல்லை. மிரட்டியவர்கள் நைஜீரியாவிலிருந்து இயங்கிய இரு சகோதரர்கள். 2024 செப்டம்பரில் இருவருக்கும் தலா பதினேழரை ஆண்டு சிறை விதிக்கப்பட்டது.

ஆறு மணி நேரம் என்பதைப் பெற்றோர் மனத்தில் ஆழமாக வாங்கிக்கொள்ள வேண்டும். கண்காணிப்புச் செயலிக்கோ வாராந்திர சோதனைக்கோ அந்த அவகாசம் போதாது. பக்கத்து அறையில் தூங்கும் அப்பாவை நள்ளிரவில் எழுப்பலாமா என்று பிள்ளை எடுக்கும் முடிவு ஒன்றுதான் அப்போது மிச்சம். “படம் அனுப்பினால் கொன்றுவிடுவேன்”, “போனைப் பிடுங்கிவிடுவேன்” என்று கேட்டு வளர்ந்த பிள்ளை எழுப்பாது. மிரட்டுபவனின் முழுத் தொழிலும் அந்தப் பயத்தின் மீதுதான் நிற்கிறது. ஆகவே எச்சரிக்கையோடு சேர்த்து, ஒருவேளை முன்பாகவே, சொல்லிவைக்க வேண்டிய வாக்கியம் ஒன்று உண்டு: “நீயே தப்பு பண்ணியிருந்தாலும் என்கிட்ட வா. திட்ட மாட்டேன். ரெண்டு பேரும் சேர்ந்து பாத்துக்கலாம்.”

வந்த பிறகு செய்ய வேண்டியவை தெளிவானவை. பணம் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் கேட்பது நிற்காது, கூடும். அரட்டையும் கணக்கின் பெயரும் தெரியும்படி திரையைப் படம்பிடித்துச் சான்றாக வைத்துக்கொண்டு, பதில் சொல்வதை நிறுத்தி, கணக்கைத் தடுத்துப் புகார் செய்ய வேண்டும். படம் பரவிவிடும் என்ற அச்சத்துக்கும் இன்று ஓரளவு மருந்து இருக்கிறது. காணாமற்போன, சுரண்டப்படும் குழந்தைகளுக்கான அமெரிக்காவின் தேசிய மையம் ‘டேக் இட் டவுன்’ என்ற இலவசச் சேவையை நடத்துகிறது. 18 வயதுக்குள் தம்மை எடுத்த அந்தரங்கப் படம் பரவும் என்று அஞ்சும் எவரும், எந்த நாட்டில் இருந்தாலும், பெயர் சொல்லாமல் அதைப் பயன்படுத்தலாம். படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. பிள்ளையின் போனிலேயே அந்தப் படத்துக்கு ஒரு கைரேகை போன்ற எண்ணெழுத்துக் கோவை உருவாகிறது. அது மட்டும் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் போன்ற பங்கேற்கும் தளங்களுக்குப் போகிறது. அதே கைரேகை கொண்ட படம் அங்கே ஏறினால் கண்டுபிடித்து நீக்க முடியும். வாட்ஸ்அப் போன்ற பூட்டிய அரட்டைகளுக்குள் இது எட்டாது. படத்தை மாற்றினால் கைரேகையும் மாறலாம். இந்தக் குறைகளோடும், எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்கும் பிள்ளைக்கு இப்படி ஒரு வழி இருப்பதைச் சொல்லிவைப்பது உயிர் காக்கும் தகவல்.

ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்கு உட்பட்டவர்கள் முக்கியச் சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருப்பதைத் தடை செய்துவிட்டது. இன்ஸ்டாகிராம், டிக்டாக், ஸ்னாப்சாட், யூடியூப் என்று பட்டியல் நீள்கிறது. தண்டனை பிள்ளைக்கோ பெற்றோருக்கோ இல்லை; மீறும் நிறுவனத்துக்கு 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம். பொறுப்பை நிறுவனத்தின் தலையில் வைத்த அந்த ஒரு காரணத்துக்காகவே இச்சட்டம் மதிக்கத்தக்கது. ஆனால் வாட்ஸ்அப், டிஸ்கார்ட், ரோப்லாக்ஸ் ஆகியவை தொடக்கப் பட்டியலில் இல்லை. முன்பின் தெரியாதவர்களோடு குழந்தை பேசத் தொடங்கும் இடம் பல நேரம் விளையாட்டு. வகுப்புத் தோழியின் படம் கைமாறும் இடம் அரட்டைக் குழு. பதினாறாவது பிறந்தநாளில் கணக்குத் திறக்கும் பிள்ளை அதுவரை எதையும் கற்காமல் வந்தால், தடை அவனுக்குத் தந்தது தாமதம் மட்டுமே. அந்தத் தாமதத்தைப் பாடத்துக்குப் பயன்படுத்தினால் தடைக்கு அர்த்தம் உண்டு.

கான்டோஸின் கேள்வி சிட்னியைக் குலுக்கிய அதே 2021இல், மே மாதம், சென்னையிலும் இன்ஸ்டாகிராம்தான் கதவைத் திறந்தது. புகழ்பெற்ற தனியார் பள்ளி ஒன்றின் ஆசிரியர் ஆன்லைன் வகுப்பில் துண்டோடு தோன்றியது உள்ளிட்ட நடத்தைகளை முன்னாள் மாணவிகள் அங்கே வெளிப்படுத்தினார்கள். அவர் கைதானார், தொடர்ந்து வேறு பள்ளிகளின் மாணவிகளும் பேசினார்கள். ஆன்லைன் வகுப்புகளைப் பதிவு செய்ய வேண்டும், ஆசிரியர்கள் வகுப்பறைக்குரிய உடையில் வர வேண்டும் என்று தமிழக அரசு நெறிமுறை வகுத்தது. மாணவிகள் பேச ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் செயலி கிடைத்தது, பள்ளிக்குள் ஓர் ஆள் கிடைக்கவில்லை என்பது இரு நகரங்களுக்கும் பொதுவான வேதனை.

சென்னையிலிருந்தே உச்ச நீதிமன்றம் வரை போன இன்னொரு வழக்கும் இங்கே பொருந்தும். குழந்தைகளின் ஆபாசப் படங்களைப் போனில் வைத்திருந்ததாக ஓர் இளைஞர் மீது தொடரப்பட்ட வழக்கை, தனிமையில் பார்ப்பது மட்டும் குற்றமாகாது என்று கூறி 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதே ஆண்டு செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளியது. பகிரும் நோக்கத்தோடு அத்தகைய படத்தை அழிக்காமலும் புகார் செய்யாமலும் வைத்திருப்பது, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 15ஆம் பிரிவுக்குள் வரும். யாருக்கும் உண்மையில் அனுப்பியிருக்க வேண்டும் என்பதில்லை. சட்டப் புள்ளியில் எதிரெதிராக நின்ற இரு நீதிமன்றங்களும் கல்வி விஷயத்தில் ஒரே பக்கம் வந்தன. இளம் தலைமுறையைத் தண்டிப்பதோடு நில்லாமல் சொல்லித்தர வேண்டும் என்றது உயர் நீதிமன்றம். சம்மதத்தையும் உறவுகளையும் உள்ளடக்கிய முழுமையான பாலியல் கல்வியைப் பரிசீலிக்கும்படி ஒன்றிய அரசுக்கு யோசனை சொன்னது உச்ச நீதிமன்றம்.

இதைப் பள்ளியில் சொல்லித்தர வாய்ப்பே இல்லை என்று சொல்ல முடியாது. ஒன்றிய அரசு 2020இல் தொடங்கிய பள்ளி நலத் திட்டத்தின் 11 கருப்பொருள்களில் இணையத்தைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துவதும் ஒன்று. பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள், கூடுமானவரை ஓர் ஆண், ஒரு பெண், வாரம் ஒரு மணி நேரம் எடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. சென்னையின் துளிர் அமைப்பு இருபது ஆண்டுகளாகக் குழந்தைகளின் தனிப்பட்ட பாதுகாப்புக் கல்வியில் உழைத்துவருகிறது. தமிழில் இதைப் பேச முடியாது என்று யாரும் இனிச் சாக்குச் சொல்வதற்கில்லை.

அந்த ஒரு மணி நேரத்துக்குப் பையன்களையும் பெண்களையும் பிரிக்காமல் உட்கார வைக்க வேண்டும். எட்டாம் வகுப்பில் முதல் கேள்வியாக இதை வைக்கலாம்: உன் வகுப்பில் படிக்கும் ஒருத்தியின் படம் இன்று இரவு உன் போனுக்கு வருகிறது, அது நிஜமா போலியா என்று உனக்குத் தெரியாது, நீ என்ன செய்வாய்? பார்த்துவிட்டுச் சும்மா இருப்பேன் என்பார்கள் சிலர். சிரிப்பார்கள் சிலர். அந்தச் சிரிப்பிலிருந்து ஆசிரியர் பேசத் தொடங்க வேண்டும். யாருக்கும் அனுப்பாமல் ஒரு பெரியவரிடம் காட்டுவது, குழுவில் “இதை நிறுத்துங்க” என்று எழுதுவது, குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறையின் 14417, மத்திய அரசின் இணையக் குற்றப் புகார்த் தளம் என்று வழிகளைக் கரும்பலகையில் எழுதிப்போடுவது, மறுநாள் அந்தப் பெண் வகுப்புக்கு வரும்போது அவள் பக்கத்தில் யார் போய் உட்காருவார்கள் என்று கேட்பது எல்லாம் அந்த ஒரு மணி நேரத்துக்குள் அடங்கும்.